துண்டில் எழுதிய கடன்

உடுமலைப்பேட்டைக்குத் தெற்கே தெரிகிற ஆனைமலைத் தோட்டங்களுக்கும் இலங்கை மலையகத்துக்கும் தமிழர்களைக் கொண்டுபோய்ச் சேர்த்தவர்கள் கங்காணிகள். கையில் காசில்லாதவரும் கிளம்பலாம், கங்காணி முன்பணம் தருவார். ஆனால் இலங்கைக்குப் போனவருக்கு வழிச்செலவு, சாப்பாடு, ஊரில் அடைத்த பழைய பாக்கி எல்லாம் பேரேட்டில் கடனாக ஏறின. பிள்ளைகுட்டியோடு போனால் கடனும் அத்தனை பெருகியது. அதன் உச்சம்தான் 'துண்டு'. இன்ன கடனைக் கட்டினால் இந்த ஆட்களை விடுவிப்பேன் என்று துரை எழுதித்தரும் சிறு சீட்டு அது. கடனைக் கட்ட ஒரு புதிய தோட்டம் முன்வந்தால் ஆள் மாறலாம். கடனும் கூடவே போகும். சம்பளத்தை எண்ணிப் பார்ப்பதற்குள் பற்றுவரவு முடிந்துவிடும். 1921-இல்தான் துண்டு முறை ஒழிந்தது.

தாது வருஷப் பஞ்சத்தில் ஊரில் கிடந்து சாவதைவிட இது மேலல்லவா என்பார்கள். உயிர் பிழைத்தது உண்மைதான். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் பஞ்சம் தள்ளியதால் பயணக் கடன் நியாயமாகிவிடாது. வேறு வழியும் அன்றே இருந்தது. டச்சுக் குடியேற்றமான சூரினாமுக்கு 1873-இல் கல்கத்தாவிலிருந்து 'லாலா ரூக்' கப்பலில் போனவர்களுக்கு ஐந்தாண்டு ஒப்பந்தம். அது முடிந்தால் திரும்பும் பயணம் இலவசம். அங்கும் வேலை கொடுமையானது, ஒப்பந்தத்தை மீறினால் சிறை. ஆயினும் கப்பல் கட்டணம் கூலியின் கணக்கில் ஏறவில்லை. இலங்கைக்குப் போன நம்மவர்களுக்கோ கடலைக் கடந்த செலவை அடைப்பதே முதல் வேலையாக இருந்தது.