வண்டு நிரந்தரம், வேலை டெம்பரரி!

வேலை காலி. இடம்: ஜெர்மனியில் ஒரு காடு. தகுதி: டாக்டர் பட்டம். (ஊசி போடுகிற டாக்டர் இல்லை, பூச்சி ஆராய்ச்சி டாக்டர்!) மலை ஏறணும், கார் ஓட்டணும், புள்ளிவிவரக் கணக்கில் புலியாக இருக்கணும். சம்பளம் பரவாயில்லை. வேலைக் காலம்? பெரும்பாலும் இரண்டு, மூன்று வருஷம். அப்புறம் பெட்டியைக் கட்டிக்கொண்டு அடுத்த விளம்பரத்தைத் தேட வேண்டியதுதான்.

இந்த உத்தியோகத்துக்குப் பெயர் ‘போஸ்ட்-டாக்’. பி.எச்டி. முடித்தவர், பேராசிரியர் நாற்காலி கிடைக்கிற வரை உட்கார்ந்திருக்கும் ஸ்டூல் என்று வைத்துக்கொள்ளுங்களேன். ‘பூச்சி எண்ண இவ்வளவு படிப்பா?’ என்று கேட்கத் தோன்றுகிறதா? எந்தப் பூச்சி என்று பார்த்துவிட்டுக் கேளுங்கள்.

சீரகம் அளவே இருக்கும் ஒரு வண்டு. பெயர் ‘இப்ஸ் டைப்போகிராஃபஸ்’. பட்டுப்போன ஸ்ப்ரூஸ் மரத்தின் பட்டையை உரித்தால், உள்பக்கம் அச்சடித்த தாள் மாதிரி வரிவரியாகக் குடைந்திருக்கும். அதனால்தான் 1758-ல் லின்னேயஸ் அதற்கு அச்சுக்கலைஞர் என்று பொருள்படும் பெயரை வைத்தார். ஜெர்மன்காரர்களும் ‘புத்தகம் அச்சடிப்பவன்’ என்றே கூப்பிடுகிறார்கள். (ப்ரூஃப் திருத்த ஆள் கிடையாது!)

வசந்த காலத்தில் வெயில் 16, 17 டிகிரியைத் தொட்டதும் ஆண் வண்டு கிளம்புகிறது. நல்ல மரமாகப் பார்த்துப் பட்டையில் துளை போட்டு, உள்ளே ஓர் அறை கட்டுகிறது. அப்புறம் ஒரு வாசனையைக் காற்றில் விடுகிறது. ‘வீடு ரெடி, வரலாம்’ என்று அர்த்தம். இரண்டு, மூன்று பெண் வண்டுகள் வந்து குடியேறுகின்றன. சொந்த வீடு இருந்தால்தான் பெண் கிடைக்கும் என்பது அங்கேயும் நிஜம்! வாசனை பிடித்து மற்ற ஆண்களும் வந்து குவிய, மரம் நிரம்பியதும் வாசனை மாறிவிடுகிறது. ஹவுஸ்ஃபுல் போர்டு! இந்த வாசனையை ஒட்டுக்கேட்டு வருகிற வேறொரு வண்டும் உண்டு. அழையா விருந்தாளி. அது சாப்பிடுவது மரத்தை அல்ல, வீடு கட்டியவரை!

ஆரோக்கியமான மரம் சும்மா இருக்காது. பிசினைச் சுரந்து, துளைக்க வந்தவரை அதிலேயே மூழ்கடித்துவிடும். தண்ணீர் இல்லாத வருஷத்தில் பிசினுக்கு எங்கே போகும்? 2018-ல் வறட்சி ஆரம்பித்தது. அடுத்த இரண்டு வருஷமும் விடவில்லை. வண்டுக்குக் கொண்டாட்டம். 2018 ஜனவரியிலிருந்து 2021 ஏப்ரல் வரை ஜெர்மனி இழந்த காடு சுமார் 5 லட்சம் ஹெக்டேர் என்று செயற்கைக்கோள் படங்களைப் பார்த்து அந்நாட்டு விண்வெளி மையம் கணக்கிட்டது.

இந்த இடத்தில்தான் நம்ம போஸ்ட்-டாக் வருகிறார். செயற்கை வாசனை வைத்த கறுப்புப் பொறிகளைக் காட்டில் மாட்டி, விழுந்ததை அள்ளி வந்து மைக்ராஸ்கோப்பில் பிரித்து எண்ணுகிறார். எத்தனை வந்தது, எப்போது வந்தது, எத்தனை டிகிரியில் வந்தது? காட்டுக்காரர்களுக்கு இது உயிர்ப் பிரச்னை. வண்டு புகுந்த மரத்தை, அடுத்த தலைமுறை பறப்பதற்குள் வெட்டி அப்புறப்படுத்தியாக வேண்டும். கோடையில் அதற்குக் கிடைப்பது சில வாரங்கள்தான்.

சரி, வெட்டாமலே விட்டால்? அதையும் செய்து பார்த்தார்கள். பவேரியக் காடு தேசியப் பூங்கா, 1970-ல் தொடங்கிய ஜெர்மனியின் முதல் தேசியப் பூங்கா. 1983-ல் புயல் அடித்து மரங்கள் சாய்ந்தன. ‘யாரும் கை வைக்கக் கூடாது’ என்று சொல்லிவிட்டார் பவேரியாவின் அமைச்சர் ஹான்ஸ் ஐசன்மான். வருங்காலச் சந்ததிக்கு ஆதிகாலக் காடு வேண்டும் என்பது அவர் கட்சி. 90-களில் வண்டு புகுந்து, ஆயிரக்கணக்கான ஹெக்டேரில் மரங்கள் வெள்ளை எலும்புக்கூடாக நின்றன. ஊர்க்காரர்கள் கொதித்தார்கள். பின்னே? தாத்தா காலத்துக் காடு கண்ணெதிரே சாகிறதே! ஆனால் செத்த மரங்களுக்கு அடியில் வெளிச்சம் விழுந்து, யாரும் நடாமலே இளம் ஸ்ப்ரூஸ் முளைத்தது. பட்ட மரத்தை நம்பி வாழும் அரிய வண்டுகள் பெருகின. குடிநீர் கெட்டுவிடும் என்ற பயமும் பலிக்கவில்லை.

இதையெல்லாம் தெரிந்துகொள்ள ஆன காலம், முப்பது வருஷத்துக்கு மேல். எண்ணுகிறவரின் காண்ட்ராக்டோ இரண்டு வருஷம்! 2007-ல் வந்த சட்டப்படி, அங்கே பல்கலைக்கழகக் காண்ட்ராக்டில் டாக்டர் பட்டத்துக்கு முன் ஆறு, பின் ஆறு வருஷம் ஓட்டலாம். அதற்குள் நிரந்தர வேலை கிடைக்காவிட்டால் அநேகமாக வெளியே. இதை நியாயப்படுத்த அரசே ஒரு கார்ட்டூன் படம் எடுத்தது. கதாநாயகி ஹானா, உயிரியல் ஆராய்ச்சியாளர். பழைய ஆட்கள் இடத்தை அடைத்துக்கொண்டால் புதியவர்கள் வர முடியாதாம்! 2021 ஜூனில் ஆராய்ச்சியாளர்கள் ‘நான்தான் ஹானா’ என்று ஆயிரக்கணக்கில் பொங்கியெழுந்தார்கள். மேற்படி கார்ட்டூன் காணாமல் போனது. சட்டம் போகவில்லை.

ஒரு காட்டின் வானிலை, மண், மரம் எல்லாம் பிடிபடவே ஒரு சீசன் போய்விடும். இரண்டாவது சீசனில் ஒழுங்காக வேலை நடக்கும்போது, ராத்திரி உட்கார்ந்து அடுத்த வேலைக்கு அப்ளிகேஷன் போட வேண்டும். அடுத்து வருகிறவர் பழைய நோட்டைப் புரட்டி, எந்தப் பொறி எந்த மரத்துக்குப் பக்கத்தில் என்று முதலிலிருந்து தேடுவார். அதையும் வசந்தத்துக்கு முன்பே முடித்தாக வேண்டும். 16 டிகிரி வந்துவிட்டால் வண்டு காத்திருக்காது!