கருவி மறைந்தால் வினையும் மறையும்

அம்மி, ஆட்டுக்கல், உரல், திரிகை, முறம் ஆகியவை இல்லாத தமிழர் சமையற்கட்டு ஒருகாலத்தில் அரிது. மலேசியத் தோட்டங்களின் லயத்து வீடுகளிலும் அவை ஒலித்தன. இன்று மின்பொறி அவற்றின் இடத்தைப் பெற்றுவிட்டது. பெண்டிரின் முதுகொடிக்கும் உழைப்பு குறைந்தது நன்றே. பழைய பாடு மீண்டும் வரவேண்டும் என எவரும் விரும்பார். ஆயினும், கல்லோடு சில சொற்களும் வீட்டைவிட்டு வெளியேறுகின்றன. இவ்விழப்புத் தமிழாசிரியர் கருதத்தக்கது.

மின்பொறியில் இடுவன அனைத்தையும் இன்றைய பிள்ளைகள் ‘அரைத்தல்’ என்ற ஒரே சொல்லால் குறிக்கின்றனர். முன்னோர் அவ்வாறு கூறியதில்லை. மசாலையை அம்மியில் அரைத்தனர், இட்டிலி மாவை ஆட்டுக்கல்லில் ஆட்டினர், உளுந்தைத் திரிகையில் திரித்தனர், மிளகாயை உரலில் இடித்தனர், நெல்லைக் குத்தினர்.

இவை வெறும் சொல்லலங்காரமல்ல. ஒவ்வொன்றும் கையின் தொழிலைக் காட்டுகிறது. அம்மியில் குழவியை இரு கையாலும் பற்றி முன்னும் பின்னும் இழுத்துத் தேய்ப்பர். ஆட்டுக்கல்லில் குழவி குழியினுள் நின்று சுழலும். ஒரு கை அதனை ஆட்ட, மறுகை மாவைத் தள்ளிக் கொடுக்கும். திரிகையில் கீழ்க்கல் அசையாதிருக்க மேற்கல் சுற்றும். ‘திரி’ என்பதற்குச் சுழலுதல், முறுகுதல் என்ற பொருள் உண்மையின், கயிறு திரித்தலும் சொல்லைத் திரித்தலும் திரிகைக்கு உறவாதல் புலனாகும். கல்லின் முகம் தேய்ந்தால் உளியால் பொள்ளுவதற்கு ‘அம்மி கொத்துதல்’ என்று பெயர். அத்தொழிலாளரின் தெருக்குரலும் அடங்கிவிட்டது.

முறத்திற்கும் தனித்தனி வினைகள் உண்டு. பதர் பறக்கத் தூக்கித் தட்டுவது புடைத்தல். பருமனையும் நொய்யையும் பிரிய அசைப்பது கொழித்தல். நுண்ணியதை மெல்லத் தூய்மை செய்வது தெள்ளுதல். ‘தெள்ளிய அறிவு’ என்று எழுதும் மாணவன் இம்முறத்தைக் கண்டிருப்பின் அத்தொடரின் சுவை மிகும். மலாய்க்காரரும் ‘ஞீரு’ என வழங்கும் முறத்தை மறக்கவில்லை. உள்ளங்கை சிறிதாயின் முறத்தையே ஏந்திப் பெறுவேன் என்பது அவர்தம் நன்றியுரைக்கும் பழமொழி.

இலக்கியத்திலும் இக்கருவிகளுக்கு இடமுண்டு. சிலப்பதிகார வாழ்த்துக் காதையில் உலக்கைப் பாட்டாகிய வள்ளைப்பாட்டு உள்ளது. திருவாசகத்தின் திருப்பொற்சுண்ணம், மகளிர் நறுஞ்சுண்ணம் இடிக்கும்போது பாடுவதாக அமைந்தது. உலக்கை விழும் தாளத்தை அறியாதவனுக்கு இவற்றின் ஓசை நயம் பாதியே விளங்கும்.

பழமொழிகளின் நிலையும் இதுவே. ‘அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும்’ என்பதை மாணவர் மனப்பாடம் செய்கின்றனர். அம்மியின் பாரத்தை அறியாமையால் விடாமுயற்சியின் அருமை அவர்க்கு எட்டுவதில்லை. ‘உரலில் தலையைக் கொடுத்துவிட்டு உலக்கைக்கு அஞ்சலாமா’ என்பதும் உரலைக் காணாதவர்க்குப் புதிரேயாம்.

இதற்குப் பெருஞ்செலவு வேண்டா. பழைய வீடுகளின் கொல்லையில் கிடக்கும் ஓர் அம்மியும் ஒரு முறமும் பள்ளிக்கு வந்தால் போதும். மாணவன் ஒருமுறை அம்மியை நகர்த்திப் பார்க்கட்டும். ஒரு பிடி அரிசியைப் புடைத்துப் பார்க்கட்டும். பாட்டிமாரை அழைத்து வினைச்சொற்களைக் கேட்டு எழுதச் செய்தல் இன்னும் சிறப்பு. கல் வீட்டிற்குத் திரும்பாவிடினும், சொல் பிள்ளைகளின் நாவிற்குத் திரும்பும்.