ஆற்றில் கலந்தது எது?

மலேசியாவின் புக்கிட் பெருந்துங் வட்டாரத்தையும் அதன் கீழ்ப்புறத் தோட்டங்களையும் தன் படுகையில் கொண்டு கோலசிலாங்கூரில் கடல் சேரும் சிலாங்கூர் ஆற்றில், 2020 செப்டம்பரில் ரவாங் பகுதியிலிருந்து கரைப்பான் வாடை கலந்து வந்ததால், நான்கு சுத்திகரிப்பு ஆலைகள் மூடப்பட்டு, பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளில் குடிநீர் தடைப்பட்டது. நீரில் வாடை உண்டா என்பதை ஆலைகளில் முடிவு செய்வது பெரும்பாலும் மனித மூக்கே. வாடையற்ற நீரை மேன்மேலும் கலந்து, எந்த அளவில் வாடை மறைகிறது என்று முகர்ந்து கணிக்கிறார்கள். ஆனால் குற்றம் சாட்டுவதற்கு வாடை போதாது, பொருளின் பெயர் வேண்டும்.

அப்பெயரைத் தேடும் கருவியில், முதலில் வாயு வண்ணப்பிரிகை என்னும் முறையால் கலவை நீண்ட மெல்லிய குழாய் வழியே செலுத்தப்பட்டு, ஒவ்வொரு சேர்மமும் தனக்குரிய நேரத்தில் வெளியேறுகிறது. அடுத்து, 70 எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள எலெக்ட்ரான்கள் மோதி அதன் மூலக்கூறுகளைச் சிதைக்க, சிதறிய மின்னேற்றத் துண்டுகளின் நிறையும் அளவும் நிறை நிறமாலை என்ற கோட்டுப் படமாகப் பதிகின்றன. ஒரே ஆற்றில் நூறு பொருள்கள் கலந்திருக்கையில், இப்படங்களைக் கண்ணால் ஒப்பிட நாள்கள் பிடிக்கும் என்பதால், கணினி அவற்றை மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட சேர்மங்கள் கொண்ட அமெரிக்க அரசு நிறுவனத்தின் தொகுப்போடு ஒப்பிட்டு, பொருத்த மதிப்பெண்ணுடன் பெயர்களை வரிசைப்படுத்துகிறது. அதே நிறுவனம் ரசாயன ஆயுதத் தடை ஒப்பந்தச் சோதனைக்காக உருவாக்கிய அம்டிஸ் என்ற மென்பொருள், ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்த படங்களைப் பிரித்துத் தருகிறது. இம்முயற்சிகளுக்கு முன்னோடியான டென்ட்ரால் திட்டம், 1965இல் ஸ்டான்ஃபோர்டில் ஃபைகன்பாம், லெடர்பெர்க் ஆகியோரால் தொடங்கப்பட்டபோது, தொகுப்பில் தேடாமல், சாத்தியமான மூலக்கூறு அமைப்புகளைத் தானே உருவாக்கிப் பார்க்கும் துணிச்சலான வழியைக் கையாண்டது.

மதிப்பெண் உயர்ந்திருந்தால் பெயர் உறுதி என்று எண்ணுவதுதான் இதில் பெரும் தவறு. தொகுப்பில் இல்லாத பொருளுக்கும் கணினி ஏதேனும் ஒரு பெயரை முன்வைக்கும். வண்ணப்பூச்சுக் கரைப்பான்களான டொலுயீன், எத்தில்பென்சீன், சைலீன் மூன்றுமே 91 நிறையுள்ள துண்டையே முதன்மையாகத் தருவதோடு, பின்னிரண்டின் மூலக்கூறு நிறையும் 106 ஆகவே இருக்கிறது. ஆகவே தூய மாதிரியை அதே கருவியில் செலுத்தி, வெளியேறும் நேரமும் பொருந்துகிறதா என்று வேதியியலாளர் சரிபார்த்த பிறகே அறிக்கையில் கையொப்பமிட முடியும். கொதிநிலை ஏறத்தாழ ஒரு பாகை மட்டுமே வேறுபடும் மெட்டா, பாரா சைலீன்களோ வழக்கமான குழாய்களில் பிரிவதே இல்லையாதலால், ஆய்வறிக்கைகளில் இரண்டும் ஒரே வரியில் சேர்த்தே எழுதப்படுகின்றன.