மச்சானோடு பஸ் ஏறினால் புலியைக் கட்டலாம்

போனில் ஆடுபுலி ஆட்டச் செயலி ஒன்றை இறக்கியிருக்கிறார் புதுக்கோட்டை மாவட்டத்து வாசகர் ஒருவர். அதில் வரும் புலிக்கு ‘ஏஐ புலி’ என்று பெயர். இவர் வைத்த ஆடுகளை அது வரிசையாக வெட்டித் தீர்த்துவிட்டதாம். போனை வாங்கிய அப்பத்தாவோ, மூன்று புலிகளையும் மூலையில் கட்டிப் போட்டுவிட்டு வெற்றிலை மடிக்கப் போய்விட்டாராம். உலகத்தையே ஆளப் போவதாகச் சொல்லப்படும் ஏஐ எங்கள் அப்பத்தாவிடம் தோற்பானேன் என்று கேட்டு எழுதியிருக்கிறார்.

முதலில் அந்தப் பெயர்ப் பலகையைக் கழற்றி வைத்துவிடுவோம். இன்றைக்குத் துணி துவைக்கும் இயந்திரத்துக்கும் ஏஐ, பல் துலக்கும் பிரஷ்ஷுக்கும் ஏஐ. நாலைந்து நகர்வு முன்னால் பார்த்து, கிடைத்ததில் நல்லதைப் பொறுக்குகிற எழுபது வருஷத்துக்கும் மேலான பழைய உத்திக்கும் அந்தப் பெயரை ஒட்டிக்கொள்ளலாம், கேட்பார் இல்லை. செயலி தோற்றதில் எனக்கு வியப்பில்லை. அதற்குப் பின்னால் ஒளிந்திருக்கும் இன்னொரு கேள்விதான் எனக்குப் பிடித்தது. ஆடு வைப்பவரும் புலி வைப்பவரும் ஒரு பிசகும் இல்லாமல் ஆடினால் யார் ஜெயிப்பார்கள்? அப்படி ஒரு விடை இருக்கிறதா?

இருக்கிறது. இருவர் மாறி மாறி ஆட வேண்டும், காய்கள் எல்லாம் இருவர் கண்ணுக்கும் தெரிய வேண்டும், அதிர்ஷ்டத்துக்கு வேலை இருக்கக் கூடாது. இந்த மூன்றும் இருந்தால், முதல் காயை வைப்பதற்கு முன்பே ஆட்டத்தின் முடிவு கணக்கில் இருக்கிறது: ஒன்று, ஒருவருக்கு நிச்சய வெற்றி, இல்லையென்றால் சமன். தாயம் இதில் சேராது, கட்டை எப்படி விழும் என்று யார் கண்டது? ஜல்லிக்கட்டும் சேராது. வழக்கமாக ஆண்டின் முதல் ஜல்லிக்கட்டு நடக்கும் நம் தச்சங்குறிச்சி வாடிவாசலில், எந்த மாடும் தன் முறை வரட்டும் என்று காத்து நின்றதில்லை.

விடை இருக்கிறது என்பது வேறு, அதைக் கண்டுபிடிப்பது வேறு. தொடக்கத்திலிருந்து ஆரம்பித்து, ‘நான் இப்படி, அவன் அப்படி, மறுபடி நான் இப்படி’ என்று கிளை பிரித்துக்கொண்டே போனால் சீக்கிரமே மூச்சு வாங்கும். கிளைகள் பெருகுவதோடு தொல்லை தீராது. ஒரே நிலைக்குப் பல வழியாகத் திரும்பத் திரும்ப வந்து சேருவோம். புலி இங்கிருந்து அங்கே, அங்கிருந்து இங்கே என்று உலாத்தினால் கிளைக்கு முடிவே கிடையாது. அதனால் கணினிக்காரர்கள் ஒரு குறும்பு செய்தார்கள். முடிவிலிருந்து ஆரம்பித்துப் பின்னோக்கி நடந்தார்கள். ஒட்டுமொத்த விஷயத்தில் என்னைச் சொக்க வைப்பது இந்த இடம்தான்.

குடுமியான்மலைக்கு ஒரு காதுகுத்துக்குப் போக வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கூடவே மச்சானும் வருகிறார். அவருக்கு அங்கே ஒருவரிடம் கடன் பாக்கி. ஆகவே போய்ச் சேராமல் இருப்பதிலேயே குறி. ஆனாலும் உறவு விட்டுப் போகக் கூடாதே, ஓர் ஒப்பந்தம் போடுகிறீர்கள். முதல் பஸ் ஸ்டாண்டில் எந்த பஸ் என்று நீங்கள் முடிவு செய்வீர்கள், இறங்கிய இடத்தில் அவர் முடிவு செய்வார், அடுத்த இடத்தில் நீங்கள். யார் கை காட்டினாலும் இருவரும் ஏறியாக வேண்டும். கீரனூரில் நிற்கிறீர்கள், முறை உங்களுடையது. போய்ச் சேர முடியுமா?

கீரனூரிலிருந்து யோசிக்காதீர்கள். குடுமியான்மலையில் நின்று திரும்பிப் பாருங்கள். அங்கே நேராக பஸ் வருவது அன்னவாசலிலிருந்தும் புதுக்கோட்டையிலிருந்தும் மட்டும் என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். ‘அன்னவாசல், என் முறை’ என்று இருந்தால் கவலை இல்லை, ஏறிவிடலாம். அதற்குப் பச்சைப் புள்ளி வையுங்கள். ‘புதுக்கோட்டை, என் முறை’ என்பதற்கும் பச்சை. ‘அன்னவாசல், மச்சான் முறை’ என்றால்? குடுமியான்மலை பஸ் கண் முன்னால் உறுமிக்கொண்டு நின்றாலும் மனிதர் இலுப்பூர் வண்டியில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்துவிடுவார். ஆக, ஒவ்வொரு ஊரையும் இரண்டாக எண்ண வேண்டும், உங்கள் முறையாக ஒன்று, அவர் முறையாக ஒன்று.

இப்போது விதி இதுதான். உங்கள் முறை என்றால், பச்சைக்குக் கொண்டுபோகும் பஸ் ஒன்றே ஒன்று இருந்தால் போதும், அந்த ஊரும் பச்சை. மச்சான் முறை என்றால், அங்கிருந்து கிளம்பும் அத்தனை பஸ்ஸும் பச்சைக்கே போக வேண்டும். ஒன்று தப்பினாலும் அவர் அதில் தொற்றிக்கொள்வார். இதைக் கணினி சரிபார்க்கும் விதம் அழகு. மச்சான் முறை ஊர் ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டு தொங்கும், ‘இங்கிருந்து 6 பஸ்’ என்று. அவற்றில் ஒன்று பச்சைக்குப் போவதாகத் தெரிந்ததும் 6 என்பதை 5 ஆக்கும். இன்னொன்று தெரிந்தால் 4. சீட்டு பூஜ்யமானதும், மச்சானுக்கு ஓட இடமில்லை, அந்த ஊரும் பச்சை. அந்தப் பச்சையிலிருந்து இன்னும் பின்னால் போய், அங்கே வந்து சேரும் பஸ்கள் எங்கிருந்து கிளம்பின என்று பார்க்கும். திருமயம், பொன்னமராவதி, ஆலங்குடி, அறந்தாங்கி என்று பச்சை மெல்லப் பரவும். புள்ளியோடு எண்ணும் எழுதிக்கொள்ளலாம்: இது ஒரு பஸ் தூரம், இது மூன்று பஸ் தூரம்.

ஒரு கட்டத்தில் பரவுவது நின்றுபோகும். பச்சை விழாத இடங்களில் சிலவற்றிலிருந்து மச்சான் உங்களை மணமேல்குடிக் கடற்கரைக்கே தள்ளிக்கொண்டு போய்விடலாம், அங்கே போனால் அவருக்கு ஜெயம். அதுவும் அவர் பக்கத்திலிருந்து இதே மாதிரி பின்னோக்கிக் கணக்கிட்டுச் சிவப்புப் புள்ளி வைக்க வேண்டிய விஷயம். பச்சையும் இல்லை, சிவப்பும் இல்லை என்று எஞ்சும் ஊர்களில் என்ன நடக்கும்? இருவரும் சாகும் வரை விராலிமலைக்கும் இலுப்பூருக்குமாகப் போய் வந்துகொண்டிருப்பீர்கள். ஆட்டக்காரர்கள் இதைத்தான் சமன் என்கிறார்கள். காதுகுத்து முடிந்து, அந்தப் பிள்ளைக்குக் கல்யாணமாகி, அதன் பிள்ளைக்குக் காதுகுத்து வைத்தாலும் நீங்கள் பஸ்ஸில்தான் இருப்பீர்கள். டிக்கெட் யார் எடுப்பது என்று ஒப்பந்தத்தில் சேர்க்காமல் விட்டது உங்கள் தப்பு.

ஊருக்குப் பதிலாகக் காய்கள் நிற்கும் நிலை, பஸ்ஸுக்குப் பதிலாக ஒரு நகர்வு. அவ்வளவுதான் மாற்றம். இதில் அறிவு எங்கே இருக்கிறது என்று கேட்டால், எங்கும் இல்லை. இருப்பது பொறுமை. சீட்டு எண்ணைக் குறைத்துக்கொண்டே போகும் குமாஸ்தாத்தனம். அதனால்தான் அதன் விடைகளில் ஒரு விநோதம் உண்டு. பலகையில் ஏழு காய்கள் மட்டும் மிஞ்சிய சதுரங்க நிலைகள் அனைத்துக்கும் மாஸ்கோ பல்கலைக்கழகத்தின் லொமொனோசோவ் கணினியில் 2012இல் இப்படி அட்டவணை போட்டார்கள். அதில் அகப்பட்ட நிலை ஒன்றில் நிச்சய வெற்றி இருக்கிறது, ஆனால் மேட் வைக்க 549 நகர்வுகள் ஆகும். நடுவில் வரும் நூற்றுக்கணக்கான நகர்வுகள் எதற்கு என்று கிராண்ட்மாஸ்டர்களுக்கும் விளங்குவதில்லை. அட்டவணையைக் கேட்டால், ‘பச்சைக்குப் போகிறது, ஏறு’ என்பதற்கு மேல் அதற்குச் சொல்லத் தெரியாது.

வரலாறு கொஞ்சம் சொல்லித்தான் ஆக வேண்டும். விடை இருந்தே தீரும் என்ற யோசனைக்கு ஜெர்மன் கணிதர் செர்மெலோவின் 1913ஆம் ஆண்டுக் கட்டுரையைக் காட்டுவது வழக்கம். கனடாவில் ஜோனதன் ஷேஃபர் 1989இல் ‘செக்கர்ஸ்’ ஆட்டத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். பத்துக் காய் வரையிலான 39 லட்சம் கோடி நிலைகளுக்குப் பின்னோக்கி அட்டவணை, தொடக்கத்திலிருந்து முன்னோக்கித் தேடல், இரண்டும் நடுவழியில் சந்தித்து 2007இல் விடை வந்தது: சமன். பதினெட்டு வருஷம்! இதற்கு நேர்மாறானது 2016இல் கொரியாவின் லீ செடோலைக் ‘கோ’ ஆட்டத்தில் 4-1 என்று வென்ற ஆல்பாகோ. அது விடையைக் கண்டுபிடிக்கவில்லை, மனிதரைவிட நன்றாக ஆடியது. பத்திரிகைகள் இரண்டையும் ஒரே கூடையில் போட்டு ‘கணினி வென்றது’ என்று தலைப்பிடும். ஒன்று ஆட்டக்காரர், மற்றொன்று கணக்குப்பிள்ளை.

நம் ஆடுபுலிக்கு நேபாளத்தில் ஒரு பங்காளி இருக்கிறது, பாக்சால். 25 புள்ளிகள், 4 புலி, 20 ஆடு. ஐந்து ஆட்டை வெட்டினால் புலிக்கு ஜெயம். சிங்கப்பூரைச் சேர்ந்த லிம் யூ ஜின், சுவிட்சர்லாந்தின் யுர்க் நீவர்கெல்ட் இருவரும் அதற்கு மேலே சொன்ன வித்தையைக் காட்டினார்கள். ஆடுகள் அத்தனையும் இறங்கிவிட்ட பிறகு வரக்கூடிய நிலைகள், திருப்பியும் கவிழ்த்தும் ஒன்றாகத் தெரிபவற்றைக் கழித்தால், சுமார் 8.8 கோடி. அவற்றுக்கு அட்டவணை, ஆடு இறக்கும் கட்டத்துக்கு முன்னோக்கித் தேடல். முடிவு சமன். கதையில் எப்போதும் புலிதான் மிரட்டும், கணக்கிலோ இருவரும் விராலிமலை பஸ்ஸில்.

திண்ணையிலும் கோயில் மண்டபத்துத் தரைக்கல்லிலும் கட்டம் கீறி நாம் ஆடுவது 23 புள்ளி, 3 புலி, 15 ஆடு. கூட்டிப் பார்த்தேன். மூன்று புலிகளை 23 புள்ளிகளில் நிறுத்த 1,771 வழிகள். மீதி 20 புள்ளிகளில் உயிரோடு இருக்கும் ஆடுகளை எங்கெல்லாம் வைக்கலாம் என்று பெருக்கி, யார் முறை என்பதற்காக இரண்டால் பெருக்கி, இடது வலது ஒன்றே என்பதால் பாதியாக்கினால், எல்லா ஆடும் இறங்கிய பிறகு அதிகபட்சம் 185 கோடி நிலைகள். கையில் இன்னும் ஆடு இருக்கும் கட்டத்தையும் சேர்த்தால் சுமார் 1,115 கோடி. வெற்றி, தோல்வி, சமன் என்று மூன்றில் ஒன்றைக் குறிக்க நிலைக்கு 2 பிட் போதும். மொத்தம் ஏறக்குறைய 2.8 ஜிபி. நல்ல தெளிவோடு இறக்கிய ஒரு சினிமாப் படம் பிடிக்கும் இடம். ‘ஏஐ’ என்று பீற்றிக்கொள்ளும் செயலி, மெனக்கெட்டால் தவறே செய்யாத புலியைப் போனுக்குள் உட்கார வைக்கலாம். மெனக்கெட யாருக்கும் பைசா தேறாது, அதுதான் சங்கதி.

அட்டவணை போட்டாலும் ஒரு வில்லங்கம் உண்டு. ஒரே தாண்டலில் புலி ஓர் ஆட்டோடு நிற்க வேண்டுமா, அடுத்ததையும் வெட்டலாமா? எத்தனை ஆடு போனால் தோல்வி? ஊருக்கு ஊர், சில வீடுகளில் அப்பத்தாவுக்கு அப்பத்தா வேறுபடும். விதி ஒன்று மாறினாலும் பச்சைப் புள்ளிகளை எல்லாம் அழித்துவிட்டு முதலிலிருந்து வைக்க வேண்டும்.

சரி, புலியை விடுங்கள். அப்பத்தா இதைவிடச் சாதாரணமாக, பேச்சுத் துணைக்கு ஆடும் ஆட்டம் ஒன்று இருக்கிறதே, பல்லாங்குழி? அங்கேதான் கணினிக்கு வியர்க்கிறது. ஆப்பிரிக்காவில் அதன் உறவினரான ‘அவாரி’க்கு 12 குழி, 48 கொட்டை. நெதர்லாந்தில் ஜான் ரோமைன், ஹென்றி பால் இருவரும் 2002இல் 144 புராசசர்கள் கொண்ட கணினியை விட்டு அதன் 88,906 கோடி நிலைகளையும் தீர்த்தார்கள். அதுவும் சமன்தான். நமக்குக் குழி 14. குழிக்கு ஐந்து புளியங்கொட்டை என்று 70 போட்டால் நிலைகளின் மேல்வரம்பு சுமார் 3,000 லட்சம் கோடி. பாக்சாலுக்குப் போட்ட அட்டவணையை இதன் பக்கத்தில் வைத்தால் கண்ணுக்கே தெரியாது. நாலு கொட்டை சேர்ந்ததும் ‘பசு’ என்று எடுத்துவிடுவதால் இவற்றில் பல நிலைகள் ஆட்டத்தில் வராமலே போகும். இருந்தும், நிலைக்கு ஒரு பைட் என்று வைத்தால் ஒரு டெராபைட் தட்டுகள் மூவாயிரத்துக்கு மேல் வேண்டும்.

குழிக்கு ஐந்துக்குப் பதில் ஆறு போட்டு ஆடுகிற வீடும் உண்டு. கூடுதலாகச் செலவாவது 14 புளியங்கொட்டை. மேல்வரம்பு பத்து மடங்கு ஏறிவிடும், தட்டுகள் முப்பதாயிரத்தைத் தாண்டும்.