திமிங்கலம் பார்க்கப் போன கதை

பள்ளி விடுமுறைக்குக் கடற்கரையில் கூடாரம் போட்டுத் தங்க வேண்டும் என்பது எங்கள் வீட்டுப் பிள்ளைகளின் நெடுநாள் ஆசை. சித்தியவானில் இருந்துகொண்டு கடலுக்கு ஏங்குவதா என்று வாசகர்கள் சிரிக்கலாம். தெலுக் பாத்திக் கடற்கரை கூப்பிடு தூரத்தில்தான் இருக்கிறது. ஆனால் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த எங்களுக்குக் கடல் என்பது ஆண்டுக்கு ஒரு நாள். மாசி மகத்தன்று லுமுட்டில் பெர்ரி ஏறி, பங்கோர் தீவில் பத்திரகாளியம்மனைக் கும்பிட்டு, அலையில் காலை நனைத்துக்கொண்டு, இருட்டுவதற்குள் லயத்துக்குத் திரும்பிவிடுவோம். மறுநாள் விடியுமுன் பெரட்டு இருக்கிறதே!

இந்த முறை மூன்று இரவுகள் தங்குவது என்று முடிவாயிற்று. இரண்டு கூடாரங்கள், ஒரு மண்ணெண்ணெய் அடுப்பு, நாலு பிள்ளைகள், அக்காள் குடும்பம், எழுபத்தைந்தைத் தாண்டிய என் அம்மா. முதல் நாள் இரவு, அலைச்சத்தத்தில் யாருக்கும் தூக்கம் பிடிக்காத நேரத்தில், அக்காள் மகள் கேட்டாள்:

"மாமா, காலையில எழுந்து பாத்தா திமிங்கலம் தெரியுமா?"

தொலைக்காட்சியில் எங்கேயோ வெள்ளைக்காரர் நாட்டுக் கடலில் திமிங்கலம் வாலைத் தூக்கி அடிப்பதைப் பார்த்திருக்கிறாள். அம்மா முந்திக்கொண்டார். "திமிங்கலமா? அது கப்பலையே முழுங்கிடும். பேசாம படுடி!"

அம்மாவைக் குறை சொல்ல முடியாது. திமி என்ற பெருமீனையே விழுங்குவது என்பதுதான் திமிங்கிலம் என்ற சொல்லின் பொருள். ஆனால் அது மீனே அல்ல. நுரையீரலால் மூச்சு விடுகிறது, குட்டி ஈன்று பால் கொடுக்கிறது. மூச்சு விட மேலே வந்தாக வேண்டும். அதனால்தான் மனிதன் அதைப் பார்க்க முடிகிறது.

நம் மலாக்கா நீரிணைக்கு அது வருமா? வந்திருக்கிறது. 1892ல் மலாக்கா அருகே 42 அடி நீளமுள்ள ஒரு திமிங்கலம் கரை ஒதுங்கியது. அதன் எலும்புக்கூட்டைச் சிங்கப்பூர் ராஃபிள்ஸ் அரும்பொருளகத்தில் 1907 முதல் 1974 வரை தொங்கவிட்டிருந்தார்கள். பிறகு அது மலேசியாவுக்குக் கொடுக்கப்பட்டுக் கோலாலம்பூர் முசியம் நெகாராவுக்கு வந்தது. தோட்டப் பள்ளியிலிருந்து பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போய்க் காட்டிய அந்தப் பெரிய எலும்புக்கூடு, என் வயதுக்காரர் சிலருக்கு நினைவிருக்கக்கூடும். இப்போது அது லாபுவான் கடல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

இன்னொன்று 2015 ஜூலையில், சிங்கப்பூர் ஜூரோங் தீவுக்கு அருகே செத்து மிதந்த பெண் எண்ணெய்த் திமிங்கலம். பத்தரை மீட்டருக்குச் சற்றுக் கூடுதலான நீளம். முதுகில் பெரிய காயம். கப்பல் மோதியிருக்க வேண்டும் என்றார்கள். வயிற்றைத் திறந்து பார்த்தபோது ஆயிரக்கணக்கில் கணவாய் அலகுகளும், கூடவே பிளாஸ்டிக் குவளையும் கிடைத்தன.

இரண்டுமே சாவுச் செய்திகள்தாம் என்பதைக் கவனித்தீர்களா? லங்காவிப் பக்கம் எப்போதாவது ஒரு பிரைட் திமிங்கலம் உயிரோடு தென்படுவதுண்டு. மற்றபடி நம் நீரிணை அவற்றுக்கு ஏற்றதல்ல. அதன் தென்பகுதியில் ஆழம் 37 மீட்டரைத் தாண்டுவதே அரிது. நீலத் திமிங்கலமோ 30 மீட்டர் வரை வளரும். சிறு லயம் ஒன்றின் நீளம்! செங்குத்தாக நின்றால் தலை வெளியே தெரிந்துவிடும் போலிருக்கிற கடலில் அதற்கு என்ன வேலை? போதாக்குறைக்கு, உலகத்துக் கப்பல்களெல்லாம் வரிசை கட்டிப் போகிற பாதை இது.

அது குடியிருக்கும் இடம் வேறு. இலங்கையில் திருகோணமலைக் கரையை ஒட்டியே கடல் திடீரென்று பாதாளமாக இறங்குகிறது. 1980களின் தொடக்கத்தில் தூலிப் என்ற பாய்மர ஆய்வுப் படகு அங்கே நீலத் திமிங்கலங்களைத் தேடிக் கண்டது. கோணேசர் கோயில் நிற்கும் சுவாமி மலைப் பாறையிலிருந்தே அவற்றின் நீராவி மூச்சைக் காணலாம். போரினால் அந்தக் கடல் பல காலம் வெளியாருக்கு எட்டாமல் இருந்தது. 2009க்குப் பிறகு படகுகள் மறுபடியும் போகின்றன. சாமி கும்பிட்டுவிட்டுத் திரும்பும் இடத்தில் உலகத்தின் மிகப் பெரிய உயிர் மூச்சு விடுகிறது என்றால், அந்தப் பாக்கியத்தை என்னவென்பது!

இத்தனையும் காலையில் சொல்லி முடித்தேன். பிள்ளையின் முகம் சுருங்கிப்போயிற்று. "அப்ப இங்க ஒண்ணுமே இல்லையா மாமா?"

இருக்கிறது. அதுவும் நம் பேராக்கிலேயே. டால்பின் என்கிறோமே, தமிழில் ஓங்கில், மலாயில் லும்பா-லும்பா, அதுவும் பல்லுள்ள திமிங்கல இனத்தைச் சேர்ந்ததுதான். தைப்பிங்கை அடுத்த மாத்தாங் கரையோரத்தில் அவை நிரந்தரமாகவே வாழ்கின்றன. டாக்டர் லூயிசா பொன்னம்பலம் 2012ல் சேர்ந்து தொடங்கிய மாரேசெட் என்ற அமைப்பின் ஆய்வாளர்கள், அந்தக் கடலில் ஆண்டுக்கணக்கில் படகில் அலைந்து அவற்றைக் கணக்கெடுத்தார்கள். கூனல் முதுகு டால்பின், உருண்டைத் தலை ஐராவதி டால்பின், முதுகுத் துடுப்பே இல்லாத சிறு கடற்பன்றி என மூன்று வகை அங்கே உண்டு. காரணம், மாத்தாங்கின் கண்டல் காடு. ஏறத்தாழ 40,000 ஹெக்டர். நூறாண்டுக்கு மேலாக வெட்டுவதும் நடுவதுமாகக் காக்கப்படுகிற காடு. நம் வீடுகளில் எரிந்த அடுப்புக்கரி எத்தனையோ அங்கிருந்து வந்ததுதான். அந்த வேர்களுக்குள் மீன் குஞ்சு பெருகுகிறது; மீனைத் தேடி டால்பின் வருகிறது.

மூன்றாம் நாள் விடியலில் வண்டியை எடுத்தோம். பந்தாய் ரெமிஸ், துரோங் வழியாகக் கோலா செப்பத்தாங். போர்ட் வெல்ட் என்றால்தான் பெரியவர்களுக்குப் புரியும். மலாயாவின் முதல் ரயில் 1885ல் தைப்பிங்கிலிருந்து அங்கேதான் ஓடியது. அங்கே ஒரு படகை வாடகைக்குப் பேசினோம்.

ஆற்று வாயைத் தாண்டி ஒரு மணி நேரம் வெறும் சேற்று நிறத் தண்ணீர்தான். அக்காளுக்குத் தலை சுற்றியது. பிறகு தூரத்தில் ஏதோ கறுப்பாகப் புரண்டது. படகோட்டி உற்சாகத்தில் வேகத்தைக் கூட்டி அதை நோக்கி விரட்டினார். அது மறைந்தது. இன்னோர் இடத்தில் தெரிந்தது. மறுபடி விரட்டினார், மறுபடி மறைந்தது. எனக்குக் கோபமே வந்துவிட்டது. காசு கொடுத்தவனுக்குக் காட்டியாக வேண்டும் என்ற அவருடைய கவலை புரியாமலில்லை. ஆனாலும் துரத்துகிறவனிடம் எது நிற்கும்? "பாக்சிக், இயந்திரத்தை நிறுத்திவிடுங்கள், பார்க்காவிட்டாலும் பரவாயில்லை" என்றேன். நிறுத்தினார்.

அலை மட்டும் படகில் தட்டிக்கொண்டிருந்தது. பிள்ளைகள்கூடப் பேசவில்லை. எவ்வளவு நேரம் என்று தெரியாது. திடீரென்று பின்பக்கம் 'புஸ்' என்று ஒரு சத்தம். திரும்பினால், இருபது முழத் தூரத்தில் இளஞ்சிவப்பு முதுகு ஒன்று வளைந்து இறங்குகிறது. அதை ஒட்டிக்கொண்டே சாம்பல் நிறத்தில் ஒரு சிறிய முதுகு. கூனல் முதுகு டால்பினும் அதன் குட்டியும். குட்டியில் சாம்பலாக இருந்து, வளர வளரத்தான் அவை சிவக்கும்.

"மனுசன் மூச்சு மாதிரியே இருக்கேப்பா" என்றார் அம்மா.

தாய் மூழ்கி மீன் தேடுவதும் எழுவதுமாக இருந்தது. குட்டி அதன் விலாவை விட்டு நகரவில்லை. ஏழெட்டு முறை அந்த மூச்சுச் சத்தம் கேட்டிருக்கும்.

திரும்பும்போது, வலையில் இவை மாட்டுமா என்று படகோட்டியிடம் கேட்டேன். மாட்டும் என்றார். மேலே வந்து மூச்சு விட முடியாமல் சிறிது நேரத்தில் செத்துப்போகும். பார்த்துவிட்டால் வலையை அறுத்து விடுகிறவர்களும் உண்டு; ஆனால் வலைக்கு யார் பணம் கொடுப்பது என்று கேட்டார். சட்டப்படி இவை பாதுகாக்கப்பட்ட உயிர்கள். அவருடைய கேள்விக்குச் சட்டத்தில் பதில் இருப்பதாகத் தெரியவில்லை, என்னிடமும் இல்லை.

கரை ஒதுங்கிய உயிரைத் தண்ணீருக்குள் தள்ளிவிட்டால் போதும் என்றும் நினைத்துவிடக் கூடாது. 2016 ஜனவரியில் தமிழ்நாட்டின் மணப்பாடு கரையில் எண்பதுக்கும் மேற்பட்ட திமிங்கலங்கள் ஒதுங்கின. மீனவர்கள் படகில் கட்டி ஆழத்துக்கு இழுத்துப் போனார்கள்; பல திரும்பவும் கரைக்கே வந்தன. இங்கே அப்படி எதையாவது பார்த்தால் கூட்டம் கூடாமல், ஈரத்துணி போட்டு, மூச்சுத் துளையில் தண்ணீர் படாமல் பார்த்துக்கொண்டு, மீன்வளத் துறைக்குத் தகவல் சொல்லுவதே நல்லது.

வண்டியில் பிள்ளைகள் தூங்கிவிட்டார்கள். அம்மா மட்டும் விழித்திருந்தார். இருபத்தெட்டு வருடம் பால் வெட்டியவர். இருட்டோடு எங்களை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு மரத்துக்குப் போனவர். துரோங் தாண்டும்போது, யாரிடம் சொல்கிறோம் என்றில்லாமல் சொன்னார்:

"குட்டியையும் கூட்டிக்கிட்டேதான் வேலைக்குப் போகுது, பாத்தியா."