ஆறு மந்திரிகள் ஏன் போனார்கள்?

பேப்பரில் 'மந்திரிசபை மாற்றம்' என்று வந்தால் உடனே விளையாட்டுப் பக்கத்துக்குப் போயிடுறோம். ஆனா அதுக்குள்ள ஒரு கணக்கு இருக்கும். 1963-ல் நடந்ததைப் பாருங்கள்.

1962-ல் சீனாவுடன் நடந்த போரில் நமக்குத் தோல்வி. அடுத்த வருஷமே மூன்று மக்களவை இடைத்தேர்தல்களில் காங்கிரஸ் தோற்றது. அப்போது சென்னை மாநில முதலமைச்சர் காமராஜர் ஒரு யோசனை சொன்னார். மூத்த தலைவர்கள் பதவியை விட்டுவிட்டுக் கட்சி வேலைக்குப் போகணும். இதுதான் 'காமராஜர் திட்டம்'. மத்திய மந்திரிகளும் முதலமைச்சர்களும் ராஜினாமா கொடுத்தார்கள். யாருடையதை ஏற்பது? அது பிரதமர் நேரு கையில். விஷயமே இங்கதான் இருக்கு!

ஆறு மத்திய மந்திரிகள், ஆறு முதலமைச்சர்கள் விலகினார்கள். காமராஜரும் ஒருவர். (சொன்னவரே முதல்ல செஞ்சு காட்டினார், அது பெரிய விஷயம்.) போன மந்திரிகளில் நிதியமைச்சர் மொரார்ஜி தேசாயும் உண்டு, உள்துறை அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரியும் உண்டு.

கட்சியைப் பலப்படுத்தத்தான் என்று வெளியில் சொன்னார்கள். அது பொய்யில்லை. ஆனால் 'நேருவுக்குப் பிறகு யார்?' என்ற கேள்வி அப்போதே இருந்தது. அந்த வரிசையில் முன்னால் நின்றவர் மொரார்ஜி. தன்னை ஒதுக்கத்தான் இந்தத் திட்டம் என்று அவர் நம்பினார். அவர் சந்தேகப்பட்டதிலும் நியாயம் இருக்கு. 1964 ஜனவரியில் நேருவுக்கு உடம்பு முடியாமல் போனதும் சாஸ்திரியைத் திரும்பக் கூப்பிட்டார்கள், மொரார்ஜியைக் கூப்பிடவில்லை.

மே 27-ல் நேரு இறந்தார். காங்கிரஸ் தலைவராகியிருந்த காமராஜர் எல்லோரிடமும் பேசி சாஸ்திரியைப் பிரதமராக்கினார். மொரார்ஜிக்கு அந்த நாற்காலி 1977-ல்தான் கிடைத்தது, அதுவும் ஜனதா கட்சியில்!