சைக்கிளில் வந்த குடும்பங்களும் நெடுநாள் தங்கலும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆறு என்று சொல்ல வழுக்கையாறு ஒன்றுதான் உண்டு. அதுவும் மாரியில் மட்டும் ஓடும். தொண்டைமானாறு பெயரளவில் ஆறு. உண்மையில் அது கடலோடு தொடுத்த உவர்நீரேரி. அந்த ஏரிக்குக் கிழக்கே, வல்லை வெளியைத் தாண்டினால் உடுப்பிட்டி. 1995 ஆம் ஆண்டின் கடைசி மாதங்களில் இந்தப் பக்கத்துக்கு வந்து சேர்ந்தவர்களில் பெருந்தொகையினர் சைக்கிளில் வந்த கமக்காரக் குடும்பங்கள். அவர்கள் வந்த கதையைப் பலரும் சொல்லியாயிற்று. தங்கிய கதையைச் சொன்னவர் குறைவு. அதை எழுத வேண்டுமென்று நாம் எண்ணினோம்.

1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி வலிகாமத்தை விட்டு வெளியேறும்படி அறிவித்தல் வந்தபோது மழையும் சேர்ந்தே வந்தது. நாவற்குழிப் பாலத்தால் அன்றிரவும் அடுத்த நாளும் நகர்ந்த சனத்தொகை 4 இலட்சத்துக்கு மேல் என்பது பொதுவான கணக்கு. சாவகச்சேரி, கொடிகாமம், பிறகு பருத்தித்துறை வீதியால் வரணி, முள்ளி, நெல்லியடி என்று வந்தவர்களே இங்கு தங்கினார்கள். 1990 இலிருந்து எரிபொருள் தடை. ஆகவே சைக்கிளே லொறி, சைக்கிளே அம்புலன்ஸ், டைனமோவைச் சுற்றி வானொலி கேட்கவும் சைக்கிளே. கணவன் மிதிக்க, முன்பாரில் ஒரு பிள்ளை, கரியரில் மனைவி, அவள் மடியில் இன்னொன்று. ஏற்றம் வந்தால் இறங்கித் தள்ள வேண்டும்.

சைக்கிளில் நெடுந்தூரம் போன தம்பதியர் என்று உலகம் எழுதி வைத்திருப்பது வேறு ஆட்களை. அவர்களில் ஒரு சோடி எமது நாட்டுக்கும் வந்திருக்கிறது. ஃபனி புல்லொக் வேர்க்மன் என்ற அம்மையாரும், வைத்தியரான அவர் கணவர் வில்லியம் ஹன்ரர் வேர்க்மனும் அமெரிக்காவின் மசசூசெற்ஸ் மாநிலத்தவர்கள். 1816 இல் யாழ்ப்பாணத்துக்கு மிசனரிமாரை அனுப்பிய சபையின் தலைமையகம் இருந்த பொஸ்ரன் நகரும் அதே மாநிலந்தான். 1897 இன் முடிவில் தொடங்கி ஏறத்தாழ இரண்டரை வருடம் இருவரும் ஆசியாவைச் சுற்றினார்கள். இலங்கையைப் பார்த்தார்கள், இந்தியாவின் தென்முனையிலிருந்து இமயமலை வரை போனார்கள். 1904 இல் வெளிவந்த அவர்களது நூலின் தலைப்பிலேயே 14,000 மைல் என்ற கணக்கு இருக்கிறது.

அவர்கள் கொண்டுபோன சாமான்கள்: தேயிலை, சீனி, பிஸ்கற், தகரத்தில் அடைத்த இறைச்சி, தண்ணீர், தலையணை, ஆளுக்கொரு போர்வை, எழுதுகருவிகள், மருந்து, ஒட்டுச் சாமான். ஒரே நாளில் 40 தடவை வரை ரியூப் ஒட்டினார்களாம். இதை வாசித்தபோது அம்மையார்மீது எமக்கு மரியாதை வந்தது. பழந்துணியைச் சுருட்டி ரயருக்குள் திணித்து ஓடியவர்களும் எம்மிடையே இருக்கிறார்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

1898 கோடையில் வெயில் தாங்காமல் அவர்கள் மேலே ஏறினார்கள். ஜீலம் ஆறு நடுவால் ஓடும் ஸ்ரீநகர்ப் பக்கம் போய், சைக்கிளை விட்டு, லடாக் மலைகளில் அந்தக் கோடையைக் கழித்தார்கள். அங்கேதான் கரைச்சல் தொடங்கியது. சுமை தூக்க வந்தவர்களோடு அவர்களுக்கு ஒத்துப்போகவில்லை. நூல்களிலும் அதைப் பற்றிக் குறைதான் எழுதினார்கள். காசு கொடுத்து இடம் பெறலாம். அயலைப் பெறமுடியாது என்றே எமக்குத் தோன்றுகிறது. வெயில் தணிந்ததும் அவர்களுக்கு இறங்கிப்போக வழி இருந்தது. எமது சனங்களுக்கு அது இருக்கவில்லை.

அவர்களின் சைக்கிளில் தலையணை ஏறியது. எமது கமக்காரரின் சைக்கிளில் ஏறியவை விதை வெங்காயப் பிடி, மண்வெட்டி, காணி உறுதி. புகையில் தொங்கவிட்ட விதை வெங்காயத்தை அவிழ்த்துக் கட்டிய கைகள் வீட்டுப் பெண்களின் கைகளே. அந்தக் கணத்தில் அதை நினைத்தவள் பெரிய கமக்காரி.

உடுப்பிட்டியில் இடங்கொடுத்தவர்களுக்கு அகதியாகும் அனுபவம் புதிதல்ல. 1987 மே 26 இல் தொடங்கிய வடமராட்சி இராணுவ நடவடிக்கையில் அவர்களும் ஓடினவர்களே. ஆகையால் திண்ணையும் மாட்டுக்கொட்டிலும் திறந்தன. பாடசாலைகள், தேவாலயங்கள், கோயில் மடங்கள் எல்லாம் நிறைந்தன. ஆயினும் சண்டை வரவில்லை என்று எழுதினால் அது பொய். சண்டை வந்த இடம் பெரும்பாலும் கிணற்றடி.

அதற்குக் காரணம் மனிதர் மட்டுமல்ல, நிலமும்தான். எமது சுண்ணாம்புக் கல்லுக்குள் மழைநீர் ஒரு வில்லைபோலக் கடல்நீரின்மேல் மிதக்கிறது. நன்னீர் கடல்மட்டத்துக்கு மேல் 1 அடி உயர்ந்து நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடி ஆழத்துக்கு நல்ல தண்ணீர் இருக்கும். அந்த 1 அடி இறங்கினால் 40 அடியும் படிப்படியாகப் போய்விடும். கீழிருந்து உவர் ஏறும். 1 குடும்பம் அள்ளிய கிணற்றில் 10 குடும்பம் அள்ளினால் வீட்டுக்காரி முகம் சுளிப்பது கெட்ட மனத்தால் அல்ல. உவர்நீரேரிக்குக் கிட்டிய கிணறுகளில் இது இன்னும் கெதியில் தெரியும். முறை வைத்து அள்ளிய வளவுகளில் சண்டை குறைந்தது. குளித்த தண்ணீரை வாய்க்கால் வெட்டி வாழைக்கு விட்டவர்கள் வீட்டுக்காரரின் நல்லெண்ணத்தையும் பெற்றார்கள்.

தோட்டம் இல்லாத கமக்காரன் கொட்டிலுக்குள் இருப்பது வீட்டுக்கு நல்லதல்ல. நிவாரண அட்டையோடு வரிசையில் நிற்பது மனைவி. இவருக்கோ கை சும்மா. வாய்த்தர்க்கம் அங்கேதான் பிறக்கும். எனவே, 2 பரப்புக் கிடைத்தாலும் போதும் என்று குத்தகைக்கோ வாரத்துக்கோ எடுத்தவர்கள் தப்பினார்கள். யூரியாவுக்குத் தடை, பூவரசங்குழையும் மாட்டெருவும் தாழ்த்தார்கள். கொண்டுவந்த விதை வெங்காயம் மண்ணில் இறங்கியது. வீட்டுக்காரரின் விதையைவிட வலிகாமத்து விதை திறமா என்ற வாதம் கிணற்றடிச் சண்டையைவிட நல்ல சண்டை.

எரேமியா தீர்க்கதரிசியும் இதையே எழுதினார். யூபிரடீஸ் ஆற்று நகரான பாபிலோனுக்குக் கொண்டுபோகப்பட்ட தம் சனத்துக்கு, அழுதுகொண்டிராமல் அங்கேயே வீடு கட்டித் தோட்டமும் போடச்சொல்லிக் கடிதம் அனுப்பினார். 29 ஆம் அதிகாரத்தில் பார்க்கலாம். ஊரை மறக்கச் சொன்னார் என்று சிலர் பொருள்கொள்வர். அப்படியல்ல. திரும்பும் காலம் ஒன்றையும் அதே கடிதத்தில் குறித்திருக்கிறார்.

1996 ஏப்ரில், மே மாதங்களில் வலிகாமத்தவர் பலர் திரும்பினார்கள். வலிகாமம் வடக்கார் திரும்பவில்லை. 1990 இல் வெளியேறி, ஏற்கெனவே ஒருமுறை இடம்மாறியிருந்தவர்களின் காணிகள் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் அகப்பட்டுவிட்டன. போர் முடிந்த 2009 இற்குப் பின்னரே துண்டு துண்டாக விடுபடத் தொடங்கின. மயிலிட்டித் துறைமுகம் 2017 இல் விடுபட்டது. இன்னும் விடுபடாத காணிகளும் உண்டு. சில மாதத் தங்கலென்று வந்தவர்களுக்கு இங்கேயே பேரப்பிள்ளை பிறந்தது.

இப்போது உறுதியின் அருமை தெரிகிறது. சைக்கிளில் பொலித்தீன் பையில் சுற்றிக் கொண்டுவந்தவர்கள் எல்லையைக் காட்டுகிறார்கள். தவறவிட்டவர்கள் மனந்தளர வேண்டாம். பதிவான உறுதியின் அத்தாட்சிப் பிரதியைக் காணிப் பதிவகத்தில் கேட்டுப் பெறலாம்; உறுதி இலக்கம், எழுதிய நொத்தாரிசின் பெயர், ஆண்டு ஆகியவற்றில் தெரிந்ததைக் கொண்டுபோனால் தேடுவது சுலபம். உரிமை தாயின் பெயரிலா தகப்பனின் பெயரிலா என்பதை வயதானவர்கள் இருக்கும்போதே பிள்ளைகள் கேட்டு எழுதிவைக்க வேண்டும். சீதனக் காணி அனேகம் பெண்களின் பெயரில் இருக்கிறது. கணவன்மார் தனியே போய் நிற்பதால் அலுவல் முடியாது.

விடுபட்ட காணிக்கு உடனே குடிபோகவும் முடியாது. கண்ணிவெடி அகற்றிய இடமா என்று கிராம அலுவலரிடம் கேட்டபின்னரே கால்வைக்க வேண்டும். பல வருடம் அள்ளாத கிணற்றை இறைத்து, சேற்றை வாரி, புதிதாய் ஊறும் நீரை வாயில் வைத்துப் பார்த்த பிறகே வெங்காயம் நட வேண்டும். அதுவரை உடுப்பிட்டியில் குடியிருந்துகொண்டு, வல்லைப் பாலத்தால் போய்த் தோட்டத்தைத் துப்புரவாக்கிப் பின்னேரம் திரும்பலாம். எதிர்காற்றுக்கு வல்லை வெளியில் மிதிப்பது கடினம். விடியமுன் புறப்பட்டால் காற்று குறைவு.